நகர்ற லைட்டுக்கு கரண்ட் எப்படி போகுது, எந்த இடத்துல கெட்டுப்போகுது

மேசை லைட்டோட கழுத்தைப் புடிச்சு ஒரு பக்கமா திருப்பினா அணையுது, இன்னும் கொஞ்சம் திருப்பினா மறுபடி எரியுது, சரி இந்தக் கோணத்துல எரியுதேன்னு அப்படியே வச்சுட்டு வேலையைப் பாக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. முதல் சந்தேகம் பல்பு மேல போகும், அதை மாத்திப் பாப்பாங்க, அப்புறம் சுவிட்ச் மேல போகும். பெரும்பாலும் ரெண்டும் நல்லா தான் இருக்கும். கழுத்து வளையற இடத்துல ஒயருக்குள்ள இருக்கற செம்பு இழைங்க ஒவ்வொண்ணா அறுந்து, கடைசி நாலஞ்சு இழை மட்டும் தொட்டும் தொடாமலும் கிடக்கும். அது விட்டு விட்டு தொடும்போதெல்லாம் ஒரு சின்ன தீப்பொறி வரும், அந்தப் பொறியை ஒட்டியே பிவிசி இன்சுலேஷன் இருக்கு. அதனால லூஸ் கான்டாக்ட் தானேன்னு இதை தள்ளிப்போடவே கூடாது.

இந்தக் கோளாறு அந்த லைட்டோட தலையெழுத்து கிடையாது, நகர்ற லைட்டுக்கு மெயின்ஸ் கரண்ட் கொடுக்கறதுலயே இருக்கற சிக்கல் இது. சுவர்ல பொருத்தின லைட்டுக்கு ஒயர் ஒருதடவை இழுத்து, டெர்மினல்ல முடுக்கிட்டா அதோட முடிஞ்சுது, அப்புறம் பல வருஷம் அதை யாரும் அசைக்கப் போறதில்ல. நகர்ற லைட்டுல கரண்ட் வர்ற வழியில எங்கயாவது ஒரு இடம் அசைஞ்சே ஆகணும். அதுக்கு மூணு வழி தான் இருக்கு: ஒயர் வளையணும், இல்ல கான்டாக்ட் சறுக்கணும், இல்ல கழட்டி வேற இடத்துல மாட்டணும். உலகத்துல இருக்கற மேசை லைட்டு, ட்ராக் லைட்டு (கரண்ட் ஓடற சட்டத்துல நகர்த்தி மாட்டறது), மேடை லைட்டு, ஆபரேஷன் தியேட்டர் லைட்டு எல்லாமே இந்த மூணுல ஒண்ணு இல்லன்னா மூணும் கலந்தது. அசைவு எங்க நடக்குதோ கோளாறும் அங்க தான் வரும், அதனால அந்த இடத்தை முன்கூட்டியே முடிவு பண்ணி, அதை பலமாவும் சுலபமா மாத்தக்கூடிய மாதிரியும் செஞ்சிருக்காங்களான்னு பாக்கறது தான் ஒரு லைட்டை எடைபோட சரியான வழின்னு நான் நினைக்கிறேன். டிசைன் அழகா இருக்கா, எத்தனை வாட், என்ன கலர்ங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம் தான்.

இன்னொரு வித்தியாசத்தையும் ஆரம்பத்துலயே சொல்லிடணும். கூரையில நிலையா இருக்கற லைட்டை எரியும்போது யாரும் தொடறதில்ல, நகர்ற லைட்டை எரியும்போதே தான் கையில புடிச்சு திருப்புறோம், அதுக்காகத் தானே அதை வாங்கறதே. அதாவது உள்ள 230 வோல்ட் ஓடிட்டு இருக்கற ஒரு மெட்டல் உடம்பை, உள்ள ஒயர் தேய்ஞ்சுட்டே இருக்கற ஒரு பொருளை, தினமும் வெறும் கையால தொடறோம். உள்ள ஃபேஸ் ஒயரோட தோல் உரிஞ்சு மெட்டல்ல பட்டா, கை தான் அடுத்த வழி. அதனால மெட்டல் உடம்பு இருந்தா ஒண்ணு எர்த் ஒயர் ஒவ்வொரு மூட்டையும் தாண்டி தலை வரைக்கும் போயிருக்கணும், இல்ல ரெட்டை இன்சுலேஷன் இருக்கணும், அதாவது ஒயரோட சொந்த தோலுக்கு மேல இன்னொரு உறை. சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி லேபிள்ல இருந்தா அது ரெட்டை இன்சுலேஷன், எர்த் இல்லாம ரெண்டு முள் ப்ளக்கோட வரலாம். அந்தக் குறியும் இல்ல, எர்த் முள்ளும் இல்ல, உடம்பு மட்டும் மெட்டல்னா அந்த லைட்டை கிட்டக்கூட வச்சுக்காதீங்க.

முதல்ல வளையற ஒயர். செம்புக் கம்பி ஒண்ணை எடுத்து முன்னாடி பின்னாடி வளைச்சுக்கிட்டே இருந்தா அந்த இடம் இறுகி, கடைசியில டக்குனு ஒடையும். தடியான கம்பி சீக்கிரம் ஒடையும், மெல்லிசு தாங்கும், ஏன்னா ஒரே வளைவுல தடிக் கம்பியோட வெளிப்பக்கம் ரொம்ப அதிகமா இழுபடுது. அதனால தான் சுவருக்குள்ள போற ஒயர்ல ஒரே கம்பியோ ஏழு தடி இழையோ இருக்கும், நகர்ற லைட்டோட ஒயர்ல மயிரிழை மாதிரி நிறைய இழை இருக்கும். ஐஇசிங்கற சர்வதேச மின் தர அமைப்போட 60228ங்கற தரவிதி இதை வகுப்பா பிரிச்சிருக்கு, ஒற்றைக் கம்பி வகுப்பு 1, வளையக்கூடிய ஒயர் வகுப்பு 5, இன்னும் நுணுக்கமான இழை வகுப்பு 6. சாதாரணமா லைட்டுல வர்ற 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயரை வெட்டிப் பாத்தா 0.2 மில்லிமீட்டர் இழை 24 இருக்கும். வீட்டு வயரிங்ல மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயர் இருக்கேன்னு அதை மேசை லைட்டுக்கு போட்டு விடறவங்களைப் பாத்திருக்கேன், அளவு பெருசு தானே நல்லது தானேன்னு சொல்வாங்க. கரண்ட் தாங்கறது வேற, வளைவு தாங்கறது வேற. 2.5 ஸ்கொயர் எம்எம் ஒற்றைக் கம்பி அந்த இடத்துல 0.75 இழை ஒயரை விட சீக்கிரமே ஒடைஞ்சுடும்.

லைட்டுகளுக்கான பொதுவான தரவிதி ஐஇசி 60598ல இதுக்கு ஒரு சோதனை இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா நிறைய விஷயம் புரியும். அடிக்கடி திருப்பற லைட்டு, உதாரணமா படம் வரையற மேசைக்கு வைக்கறது, அதை 1500 தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டிப் பாக்கணும். எப்பவாவது திருப்பற லைட்டு, கடை ஷோகேஸ் ஸ்பாட் லைட் மாதிரி, அதுக்கு 150 தடவை. மாட்டும்போது மட்டும் திருப்பறதுன்னா வெறும் 45. ஆட்டி முடிச்சதும் உள்ள இருக்கற ஒயர்ல பாதி இழைக்கு மேல அறுந்திருக்கக் கூடாது. நல்லா கவனிங்க, பாதி வரைக்கும் அறுந்தா பாஸ். இழை அறுந்தே தீரும்னு அந்த விதியே ஒத்துக்குது. அப்புறம் ஷோகேஸ்க்காக 150 தடவை சோதிச்ச ஸ்பாட் லைட்டை வாங்கி கட்டில் பக்கத்துல மாட்டி, படிக்கும்போது ஒரு பக்கம், தூங்கும்போது ஒரு பக்கம்னு தினம் ரெண்டு தடவை திருப்பினா, சோதிச்ச எண்ணிக்கை சில மாசத்துலயே தாண்டிடும். தாண்டின உடனே கெட்டுப்போகும்னு அர்த்தம் இல்ல, நல்ல கம்பெனி இதுக்கு மேலயே தாங்கற மாதிரி செய்வாங்க, ஆனா எந்த வேலைக்கு செஞ்சதோ அதுக்கு வாங்கணும்ங்கறது இதுல தெளிவா தெரியுது.

ஒயர் நடுவுல அறுந்து நான் பாத்ததே கம்மி. எப்பவும் ப்ளக்குக்குள்ள போற இடம், லைட்டோட அடிப்பாகத்துல நுழையற இடம், மூட்டு, இந்த மூணுல தான் அறுகும், ஏன்னா அசையற பகுதியும் அசையாத பகுதியும் சேர்ற எல்லைக்கோடு அது தான், வளைவு மொத்தமும் ஒரே புள்ளியில குவியுது. அந்த இடத்துல ரப்பர்ல ஒரு கூம்பு மாதிரி உறை இருக்கும், சிலதுல வரிவரியா வெட்டு விட்டிருப்பாங்க, அது அழகுக்கு வச்சது கிடையாது, வளைவை ஒரு விரல் நீளத்துக்கு பரப்பி விடறதுக்கு வச்சது. அதுக்கு உள்ள ஒயரை இறுக்கிப் புடிக்கற ஒரு கிளாம்ப் இருக்கணும், வெளிய இழுத்தா அந்த இழுவை கிளாம்ப்போட நிக்கணும், டெர்மினல் ஸ்குரூவுக்கு போகக்கூடாது. கிளாம்ப்புக்கும் டெர்மினலுக்கும் நடுவுல எர்த் ஒயரை மத்த ரெண்டை விட கொஞ்சம் நீளமா விடுவாங்க, எல்லாம் புடுங்கிட்டு வந்தாலும் ஃபேஸ் முதல்ல போகட்டும், எர்த் கடைசியில போகட்டும்னு. லைட்டைத் திறந்து பாக்கும்போது மூணும் ஒரே நீளத்துல வெட்டியிருந்தா, மாட்டினவருக்கு அந்த வேலை தெரியலைன்னு வச்சுக்கலாம்.

இழை ஒயரோட முனையை டெர்மினல்ல மாட்டறதுக்கு முன்னாடி ஈயம் வச்சு கெட்டியாக்கறது ஒரு பழைய பழக்கம், பாக்க சுத்தமா இருக்கும், ஆனா ஸ்குரூ டெர்மினலுக்கு அது கெடுதல். ஈயம் மெத்துனு இருக்கற உலோகம், அழுத்தத்துல மெல்ல மெல்ல நகர்ந்து குடுத்துடும், இன்னைக்கு முடுக்கின ஸ்குரூ கொஞ்ச நாள்ல தானா தளர்ந்து போகும், அதோட ஈயம் முடியற இடத்துல ஒயர் விறைப்பா நின்னு அங்கயே ஒடையும். முனைக்கு சின்ன குழாய் லக் போட்டு நசுக்கி மாட்டறது தான் சரி. அதே மாதிரி திருகல். ஸ்பாட் லைட்டை ஒரே திசையில சுத்திக்கிட்டே போனா உள்ள ஒயர் முறுக்கிக்கும், அதனால கழுத்துல ஒரு சின்ன தடை வச்சிருப்பாங்க, ஒரு சுத்து முடியறதுக்குள்ள முட்டி நிக்கும். அது முட்டும்போது இறுகிப்போச்சுன்னு நினைச்சு பலமா திருப்பி அந்தத் தடையை ஒடைச்சுட்டா, அன்னைக்கு லைட்டு நல்லா தான் சுத்தும், ஒயரோட ஆயுசு அன்னையிலேர்ந்து குறைய ஆரம்பிக்கும்.

தொங்கற லைட்டுல இன்னொரு கேள்வி, எடையை யார் தாங்கறது. பிரிட்டிஷ் வயரிங் விதியில இதுக்கு நேரடியா ஒரு அட்டவணை இருக்கு: 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் 2 கிலோ, 0.75ன்னா 3 கிலோ, 1 ஸ்கொயர் எம்எம்னா 5 கிலோ வரைக்கும் தாங்கலாம், அதுவும் கூரையில ஒயர் இறங்கற மூடியான சீலிங் ரோஸுக்குள்ள ஒயர் சரியா கொக்கியில மாட்டியிருந்தா. அதுக்கு மேல போனா சங்கிலியோ எஃகு கேபிளோ எடையைத் தாங்கணும், ஒயர் தளர்வா கூட தொங்கணும். மேல கீழ இழுக்கற மாதிரி புல்லி வச்ச தொங்கு லைட்டு வாங்கினா, ஒயரே புல்லியில ஏறி இறங்குதா, இல்ல எஃகு கேபிள் தனியா இருக்கான்னு பாருங்க. ஒயரே ஏறி இறங்குதுன்னா இழுவை, வளைவு, உரசல் மூணும் அது தலையில தான் விழுது.

வளையற கை வச்ச லைட்டுன்னா ஜார்ஜ் கார்வார்டைன் பேரைச் சொல்லாம முடியாது. கார் சஸ்பென்ஷன் வேலையில இருந்த இந்த ஆங்கிலேய என்ஜினியர் 1932ல ஸ்பிரிங் வச்சு எடையை சமன் பண்ற கை ஒண்ணுக்கு பேட்டன்ட் எடுத்தார், அது தான் ஆங்கிள்பாய்ஸ். எந்த நிலையில விட்டாலும் அப்படியே நிக்கறது அதோட பெருமை, ஆனா கரண்ட் விஷயத்துல அது பழைய வழி தான், ஒயர் கையோட கூடவே ஒவ்வொரு மூட்டையும் தாண்டி போகும். 1972ல ரிச்சர்ட் சாப்பர்ங்கற டிசைனர் ஆர்டெமிடே கம்பெனிக்கு டிசைன் பண்ண டிசியோ லைட்டுல அந்த ஒயரையே எடுத்துட்டார். அடியில ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு வோல்டேஜை 12க்கு இறக்கி, கைகளையே கண்டக்டரா மாத்தி, மூட்டுல இருக்கற மெட்டல் தொடுப்பு வழியா கரண்டை பல்பு வரைக்கும் கொண்டுபோனார். வளையறதுக்கு ஒயரே இல்ல, அறுகறதுக்கும் ஒண்ணுமில்ல, ட்ரான்ஸ்ஃபார்மரோட கனம் அடிப்பாகத்துக்கு பலம். பிரச்சினையை எங்க வைக்கறதுன்னு முடிவு பண்ணி வேலை செஞ்ச டிசைன் அது, எனக்கு ரொம்பப் புடிச்சதும் அது தான்.

டிசியோ காட்டின வழியில தான் வெறும் ரெண்டு கேபிளை சுவருக்கு சுவர் இழுத்துக் கட்டி, அதுல எங்க வேணா பல்பைத் தொங்க விடற முறையும் வந்துது, ஜெர்மன் டிசைனர் இங்கோ மவுரரோட யாயாஹோ லைட்டு 1984ல இதை பிரபலமாக்குச்சு. 12 வோல்ட்னா தொட்டா ஷாக் அடிக்காது, அதனால எல்லாரும் ஆபத்தே இல்லன்னு நினைச்சாங்க. ஆனா வோல்டேஜைக் குறைச்சா கரண்ட் ஏறும், அது தப்பாது. 300 வாட் லைட்டுக்கு 230 வோல்ட்ல 1.3 ஆம்ப்ஸ் போதும், 12 வோல்ட்ல 25 ஆம்ப்ஸ் வேணும். 4 ஸ்கொயர் எம்எம் கேபிள்ல 10 மீட்டர் தூரம் போய் வரணும்னா கணக்கு போட்டுப் பாருங்க, 20 மீட்டர் செம்போட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 0.09 ஓம், 25 ஆம்ப்ஸ்க்கு 2.2 வோல்ட் வழியிலயே காணாமப் போகுது. 12ல 2.2 போனா ஹாலோஜன் பல்பு ஏறக்குறைய பாதி வெளிச்சம் தான் தரும், ஏன்னா அதோட வெளிச்சம் வோல்டேஜைவிட பல மடங்கு வேகமா இறங்கும். அதோட மேல கிடக்கற ரெண்டு கம்பிக்கும் குறுக்கால ஒரு மெட்டல் பொருள் விழுந்தா ஷாக் கிடையாது, ஆனா அந்தப் பொருள் சிவக்கற அளவுக்கு கரண்ட் ஓடும். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாடி இருக்கற எம்சிபிக்கு, அதாவது கரண்ட் அளவு மீறினா தானா அணையற சுவிட்சுக்கு, இது தெரியவே தெரியாது, அதோட பார்வையில கூட ஒண்ணு ரெண்டு ஆம்ப்ஸ் தான் ஏறியிருக்கும். 12 வோல்ட் பக்கத்துலயே ஃப்யூஸோ, ஷார்ட்டைக் கண்டுபிடிச்சு நிறுத்தற ட்ரான்ஸ்ஃபார்மரோ இல்லாம இந்த மாதிரி கேபிள் போடறது தப்பு.

இப்ப வர்ற காந்த ட்ராக், 48 வோல்ட் டிசில ஓடறது, இந்த 12க்கும் 230க்கும் நடுவுல ஒரு நல்ல இடம். சரியா தனிமைப்படுத்தின சப்ளைன்னா, ஈரமில்லாத இடத்துல 60 வோல்ட் டிசி வரைக்கும் கை படலாம்னு தரவிதிகள் ஒத்துக்குது, 48 அதுக்கு கீழ. அதே 300 வாட்டுக்கு 6 ஆம்ப்ஸ் சொச்சம் தான், 2.5 ஸ்கொயர் எம்எம்லயே 10 மீட்டர் தூரத்துக்கு ஒரு வோல்ட்டுக்கு கம்மியா தான் இழப்பு வரும், 48ல அது 2 சதவீதம் கூட இல்ல. லைட்டை காந்தத்துல ஒட்டினா எரியும், புடுங்கினா அணையும், நகர்த்தலாம், ஸ்குரூடிரைவர் வேணாம். அடிக்கடி இடம் மாத்தற ஆளுக்கு நான் இதைத் தான் சொல்வேன், ஆனா ஒண்ணு, ஒரு கம்பெனி ட்ராக்ல இன்னொரு கம்பெனி லைட்டு உக்காரும்னு நம்பி வாங்காதீங்க, இதுல இன்னும் எல்லாருக்கும் பொதுவான அளவு நிலைக்கல. மெயின்ஸை லைட்டுக்கு வேண்டிய வோல்டேஜா மாத்தற டிரைவர் பெட்டியை எங்க வைக்கப் போறோம், பின்னாடி கை போகுமாங்கறதையும் கூரையை மூடறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்.

மெயின்ஸ் வோல்டேஜ்லயே ஓடற ட்ராக் தான் கடைகள்லயும் மியூசியங்கள்லயும் அதிகம். அலுமினியம் சட்டத்துக்குள்ள பக்கவாட்டுல பிளாஸ்டிக் பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள்ள செம்புக் கம்பி, விரல் போகாத ஆழத்துல. லைட்டோட அடாப்டரை உள்ள விட்டு நெம்புகோலைத் திருப்பினா நாக்கு மாதிரி கான்டாக்ட் ரெண்டு பக்கமும் நீட்டி கம்பியைத் தொடும். உள்ள நுழையும்போது முதல்ல தொடறது எர்த், கழட்டும்போது கடைசியா விடறதும் எர்த், ப்ளக் பாயின்ட்டுல எர்த் முள் நீளமா இருக்கற அதே காரணம் தான். ட்ராக்ல ஒரு பக்கம் மட்டும் ஒரு கோடோ பள்ளமோ ஓடும், அடாப்டரை தலைகீழா மாட்டாம இருக்க வச்ச அடையாளம் அது. எல் வளைவு, டி இணைப்பு வாங்கும்போது இந்த எர்த் பக்கம் உள்வளைவுல வருதா வெளிவளைவுல வருதான்னு பாக்காம வாங்கினா பொருந்தாது, வேலை நின்னு போகும். அமெரிக்காவுல ஒற்றை சர்க்கியூட் ட்ராக்லயே ஹெச், ஜே, எல்னு மூணு வகை புழக்கத்துல இருக்கு, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஒண்ணுல ஒண்ணு சேராது.

பெரிய இடங்கள்ல மூணு சர்க்கியூட் ட்ராக் போடுவாங்க, ஃபேஸுக்கு மூணு தனிக் கம்பி, ஒரு நியூட்ரல், எர்த். அடாப்டர்ல இருக்கற சின்ன திருகை 1, 2, 3ன்னு வச்சா லைட்டு அந்தந்த சுவிட்சுக்கு போயிடும், ஒரே சட்டத்துல இருந்துக்கிட்டே. இதுல தான் எனக்கு ரொம்ப கவலையான ஒரு விஷயம் இருக்கு, நியூட்ரல். ஒவ்வொரு கம்பியும் 16 ஆம்ப்ஸ் தாங்கும்னு போட்டிருக்கறதைப் பாத்துட்டு, மூணுக்கும் ஒரே ஃபேஸ்லேர்ந்து மூணு எம்சிபி வழியா கொடுத்தா, மூணுலயும் போற கரண்ட் மொத்தமும் அந்த ஒத்த நியூட்ரல்ல கூட்டமா திரும்பி வரும். மூணும் நிறைஞ்சா 48 ஆம்ப்ஸ், கம்பி தாங்கறது 16. எம்சிபி எதுவும் ட்ரிப் ஆகாது, ஏன்னா ஒவ்வொண்ணும் அதோட அளவுக்குள்ள தான் இருக்கு, நியூட்ரலுக்கு காவல் யாருமே இல்ல. ஒரே ஃபேஸ்ல கொடுக்கறதா இருந்தா மூணுக்கும் சேத்து 16 ஆம்ப்ஸ்க்குள்ள நிக்கற மாதிரி முன்னாடி ஒரே ஒரு எம்சிபி வைக்கணும். மூணு தனி ஃபேஸ்லேர்ந்து கொடுத்தா நியூட்ரல்ல ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும், அது நல்லது, ஆனா மலிவான எல்இடி டிரைவர் கிளப்பற மூணாவது ஹார்மானிக் கரண்ட், அதாவது மூணு மடங்கு வேகத்துல அலையற கரண்ட், கழியாது, அது மூணு ஃபேஸ்லேர்ந்தும் கூடிக்கிட்டே நியூட்ரலுக்கு வந்து சேரும்.

அதைவிட மோசம் மூணு ஃபேஸ் கொடுத்த ட்ராக்ல நியூட்ரல் விட்டுப்போறது. ட்ராக்குக்குள்ள கரண்ட் நுழையற ஊட்டு முனையில நியூட்ரல் ஸ்குரூ தளர்ந்து தொடுப்பு போச்சுன்னா, ஒரு ஃபேஸ்ல இருக்கற லைட்டும் இன்னொரு ஃபேஸ்ல இருக்கற லைட்டும் வரிசையா சேர்ந்து ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 400 வோல்ட்ல மாட்டிக்கும். எந்தப் பக்கம் லைட்டு கம்மியோ அந்தப் பக்கத்துக்கு அதிக வோல்டேஜ் ஏறும், 230க்கு செஞ்ச டிரைவர் வரிசையா போகும். ஒரே சமயத்துல சில லைட்டு கண்ணைக் கூசற மாதிரி எரிஞ்சு சிலது மங்கினா உடனே மெயினை அணைக்கணும், காரணம் அப்புறம் தேடிக்கலாம்.

சறுக்கற கான்டாக்ட்டோட பொதுவான எதிரி சூடு. கான்டாக்ட்டும் கம்பியும் உண்மையில தொடறது ரொம்ப சின்ன சின்ன புள்ளிகள்ல தான், தூசியும் துருவும் ஏறினா அந்தப் புள்ளியும் குறையும். அங்க 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தா 5 ஆம்ப்ஸ் போகும்போது 2.5 வாட் சூடு, 10 ஆம்ப்ஸ்னா 10 வாட், கரண்ட் ரெட்டிப்பானா சூடு நாலு மடங்கு. ஒரு கடுகளவு இடத்துல 10 வாட்ங்கறது பிளாஸ்டிக்கை இளக வைக்கும், இளகினா ஸ்பிரிங் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும். எல்இடி வந்தப்புறம் ஒவ்வொரு லைட்டும் எடுக்கறது 0.1 ஆம்ப்ஸ் மாதிரி தான், அதனால லைட்டோட அடாப்டர்ல இந்தப் பிரச்சினை பெரிய அளவுல போயிடுச்சு, ஆனா மொத்த கரண்டும் நுழையற ஊட்டு முனையில இன்னும் இருக்கு. ட்ராக்கை சோதிக்கணும்னா முதல்ல அங்க பழுப்பு நிறம் ஏறியிருக்கான்னு பாருங்க.

எல்இடி அதுக்கு பதிலா வேற ரெண்டு தொல்லையைக் கொண்டு வந்துது. டிரைவருக்குள்ள காலியா இருக்கற கபாசிட்டர் ஆன் பண்ற கணத்துல பல ஆம்ப்ஸை ஒரே மூச்சுல இழுக்கும், மைக்ரோ செகண்ட் கணக்குல தான், ஆனா நாப்பது லைட்டு ஒரே சுவிட்ச்ல இருந்தா அது போதும் எம்சிபி ட்ரிப் ஆக. எரியற ட்ராக்ல அடாப்டரை விட்டு விட்டு மாட்டும்போது பளிச்னு பொறி வர்றதும் இதனால தான், ஒவ்வொரு பொறியும் கான்டாக்ட்டுல ஒரு பள்ளம் போடும், அதனால இடம் மாத்தும்போது சுவிட்சை அணைச்சுட்டு மாத்துங்க. ரெண்டாவது, டிரைவரோட ஃபில்டர் கபாசிட்டர் வழியா எர்த்துக்கு ஒவ்வொரு லைட்டும் கொஞ்சூண்டு கரண்டை விடும். ஒண்ணுக்கு 0.5 மில்லி ஆம்ப்ஸ்னு வச்சா 40 லைட்டுக்கு 20, ஆனா எர்த்துக்கு கசியற கரண்டைப் பாத்து அணைக்கற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி 15க்கு மேல எங்க வேணா ட்ரிப் ஆகலாம். கோளாறே இல்லாம ட்ரிப் ஆகுதுன்னு ஆர்சிசிபியை எடுத்துடறது தான் இதுல நடக்கற பெரிய தப்பு, சர்க்கியூட்டை ரெண்டா பிரிச்சு ரெண்டு ஆர்சிசிபி வச்சா தீர்ந்துது.

நகர்ற லைட்டுக்கு லோடு கணக்கு போடறதும் கஷ்டம், இன்னைக்கு அஞ்சு லைட்டு இருக்கற சட்டத்துல நாளைக்கு இருபது மாட்டலாம், எலக்ட்ரீஷியனைக் கேக்கவே வேணாம். அமெரிக்காவோட மின் வயரிங் விதியான என்இசி இதை லைட்டை எண்ணாம நீளத்தை வச்சு தீர்த்துது, வீடு அல்லாத இடங்கள்ல ட்ராக்கோட ஒவ்வொரு 2 அடிக்கும் 150 விஏன்னு (வாட் மாதிரி ஒரு அளவு) சப்ளை கணக்குல சேக்கணும். எல்இடி காலத்துல அது ரொம்ப அதிகம்னு தோணும், ஆனா அடுத்து வர்றவர் என்ன மாட்டுவார்னு தெரியாதப்ப இந்த மாதிரி யோசிக்கறது நியாயம் தான்.

முழுசா சுத்தற இடங்களுக்கு ஸ்லிப் ரிங், வளையத்து மேல பிரஷ் உரசிக்கிட்டே கரண்டை கடத்தும், ஆபரேஷன் தியேட்டர்ல கூரையிலேர்ந்து வர்ற லைட்டுக் கை தடையில்லாம சுத்தறது இப்படித்தான். மேடையில தானா திரும்பற மூவிங் ஹெட் லைட்டு பெரும்பாலும் ஸ்லிப் ரிங்கே வைக்காம ஒன்றரை சுத்து, அதாவது 540 டிகிரி மட்டும் திரும்பி, உள்ள ஒயரை கடிகார ஸ்பிரிங் மாதிரி தளர்வா சுருட்டி விட்டிருக்கும். பிரஷ் தேய்ஞ்சு பொடி கொட்டற தலைவலிக்கு ஒயர் சுருள் எவ்வளவோ மேல், மாத்தறதும் சுலபம்.

மேடை ஆட்கள் மூணாவது வழியான கழட்டி மாட்டறதுல தான் கைதேர்ந்தவங்க. 19 முள் ப்ளக் வச்ச சோகாபெக்ஸ்ங்கற மேடை கேபிள் ஒண்ணுல ஆறு சர்க்கியூட் போகும், ஒரே திருகுல ஆறு லைட்டு இணைஞ்சுடும். அங்க ஒரு கண்டிப்பு உண்டு, எல்லா கனெக்டரையும் எரியும்போது புடுங்கலாம்னு கிடையாது. பழைய நீல, சாம்பல் நிற பவர்கான்ங்கற ப்ளக் லோடு ஓடும்போது கழட்டக் கூடாதது, அதுக்கப்புறம் வந்த ட்ரூ ஒன்ங்கறதை கழட்டலாம். ரெண்டும் பூட்டிக்கற ப்ளக் தான், தெரியாம ஒண்ணை இன்னொண்ணா நினைச்சா கான்டாக்ட் கருகிடும். கேபிள் டிரம்மை சுருளோட வச்சே முழு லோடு கொடுக்கறதும் இதே வகை, டிரம் மேல சுத்தின நிலைக்கு ஒரு அளவும் பிரிச்ச நிலைக்கு ஒரு அளவும் எழுதியிருக்கும், சுத்தின நிலையில சூடு வெளிய போக வழியில்லாததால அந்த அளவு ரொம்பவே கம்மி.

வீட்டுக் கூரைக்கு இந்த மூணாவது வழி ஏன் எல்லா இடத்துலயும் வரலைங்கறது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். ஜப்பான்ல கூரையில திருகிப் பூட்டற ஒரு சின்ன சாக்கெட் இருக்கும், லைட்டை அதுல வச்சு திருப்பினா எடையும் அது தாங்கும், கரண்டும் அதுலயே வரும், வாடகை வீட்டை மாத்தறவங்க லைட்டையும் கழட்டி எடுத்துட்டுப் போய் புது வீட்டுல மாட்டிக்கறாங்க. ஐரோப்பாவுக்கு டிசிஎல்னு ஐஇசி 61995ல ஒரு கூரை ப்ளக் இருக்கு, 6 ஆம்ப்ஸ், எர்த்தோட, பிரான்ஸ்ல புது வீடுகளுக்கு அதை விதியிலயே சேத்தாங்க. அமெரிக்காவோட என்இசியும் 2017 பதிப்புல எடை தாங்கற கூரை சாக்கெட்டுக்கு இடம் கொடுத்துடுச்சு. இது இல்லாத இடத்துல ஒவ்வொரு தடவை லைட்டை மாத்தும்போதும் யாரோ ஒருத்தர் ஏணியில நின்னு, தலைக்கு மேல கையைத் தூக்கி, ஒரு கையில லைட்டைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஸ்குரூ முடுக்க வேண்டியிருக்கு, சுவிட்சை மட்டும் அணைச்சுட்டு மெயினை அணைக்காம. சுவிட்ச் தப்பா நியூட்ரல்ல போட்டிருந்தா அந்த டெர்மினல்ல ஃபேஸ் உயிரோட தான் இருக்கும். புதுசா கூரை வேலை செய்யறவங்க இந்த மாதிரி சாக்கெட் கிடைச்சா அதையே கேட்டு வாங்கிப் போடுங்க, கிடைக்கலைன்னா குறைஞ்சபட்சம் எடைக்கு தனி கொக்கி, எர்த் ஒயர் பெட்டி வரைக்கும், அதுல நெம்புகோல் வச்ச கனெக்டர், இந்த மூணும் இருக்கட்டும்.